காற்றைச் சேமித்த ஆசிரியர்

இவ்வாண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் அறிவியல் கூடத்தில் நீரை மின்சாரத்தால் பிரிக்கும் சோதனை நடந்தது. சிறிது அமிலம் கலந்த நீரில் இரண்டு சோதனைக் குழாய்களைக் கவிழ்த்து வைத்து மின்கலத்தை இணைத்தோம். குமிழிகள் முத்துச் சரம்போல் எழும்பின. ஒரு குழாயில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்ஸிஜன். ஹைட்ரஜன் இரு மடங்கு சேர்ந்திருந்தது. அக்குழாயின் வாயருகே எரியும் குச்சியை நீட்டியதுதான் தாமதம், பட்டென்று ஓர் ஓசை! முன் வரிசையில் நின்ற நாங்கள் பின்வாங்கிய வேகத்தில் பின்னால் நின்றவர்களின் கால்கள் நசுங்கின. சிரிப்பு அடங்கிய பின்னர் சிஸ்டர் ஒரு செய்தியைக் கூறினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் இதே வாயுவினால் விளக்கேற்றினார்களாம். அந்த வாயுவைக் காற்றாலையின் துணையால் உண்டாக்கியவர் அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவராம். பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கினவாம். கண்ணாடி நொறுங்கிய கதையைக் கேட்டபின் நாங்கள் சும்மா இருப்போமா? நூலகத்தைத் துருவினோம். அவ்வாறு நாம் அறிந்துகொண்ட ஒரு நல்லாசிரியரின் வரலாற்றையே இங்கே எழுதுகிறோம்.

அவர் பெயர் பவுல் லா கூர். நாடு டென்மார்க். புனித பவுலின் பெயரைத் தாங்கியவர் ஆதலால், நம் ஊரில் பிறந்திருந்தால் பழைய வழக்கப்படி சின்னப்பன் என்று அழைத்திருப்பார்கள். டென்மார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்களே. அவர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது 1845-இல். அதற்கு அடுத்த ஆண்டு, 1846 ஏப்ரல் 13-ஆம் நாள், அந்நாட்டின் யூட்லாந்துத் தீபகற்பத்தில் எபெல்டொஃப்ட் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் பவுல் பிறந்தார்.

பண்ணையில் பிறந்த பிள்ளைக்குக் காற்றும் மழையும் முதல் பாடம். ஆயினும் அவர் பதினெட்டு வயதை எட்டியபோது நாட்டின் மீது பேரிடி ஒன்று விழுந்தது. 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் டென்மார்க் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் ஆகிய பகுதிகளை இழந்தது. இருந்ததே சிறிய நாடு, அது மேலும் சிறுத்துப் போயிற்று. இனி வாளால் ஆகப்போவது ஒன்றுமில்லை, உள்ள நிலத்தையும் உள்ள மக்களையும் உயர்த்துவதே வழி என்று அந்நாட்டு அறிஞர்கள் எண்ணத் தொடங்கிய காலம் அது. லா கூரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானிலை இயலும் பயின்று 1869-இல் பட்டம் பெற்றார். 1872-இல் டேனிஷ் வானிலை நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் துணைத் தலைவர் பதவி இருபத்தாறே வயதான இவருக்குக் கிடைத்தது. தலைநகரில் வேலை, கௌரவமான பதவி, எதிர்காலத்தில் தலைவராகவும் ஆகலாம். இதற்கு மேல் ஓர் இளைஞனுக்கு என்ன வேண்டும்?

வானிலைச் செய்திகள் தந்தி மூலமாகவே வந்து சேர வேண்டும். அக்காலத்தில் ஒரு கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்புவது பெரும் சிக்கலாக இருந்தது. லா கூருக்கு இசைக்கவை நினைவுக்கு வந்தது. நம் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறதே, தட்டினால் ரீங்காரமிடும் அந்த இரட்டைக் கவைதான். வெவ்வேறு சுருதியுள்ள இசைக்கவைகளால் மின்னோட்டத்தைத் துடிக்கச் செய்தால், மறுமுனையில் அந்தந்தச் சுருதிக்குரிய கவை மட்டும் அதிரும். ஒரே கம்பியில் பல செய்திகள் ஒன்றோடொன்று கலவாமல் செல்லும். 1874-இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் எலிஷா கிரேயும் கிரகாம் பெல்லும் இதே வழியில் நடந்துகொண்டிருந்தனர். (பெல் அந்த வழியிலேயே போய்த் தொலைபேசியைக் கண்டுபிடித்த கதை நாம் அறிந்ததே.) யார் முந்தியவர் என்ற வழக்கு எழுந்தது. அமெரிக்கக் காப்புரிமைப் போட்டியில் ஒரு சிறு நாட்டின் வானிலை அலுவலரால் எவ்வளவு தூரம் போராட முடியும்? இசைக்கவையின் அதிர்வோடு ஒத்துச் சீராகச் சுழலும் ஒலிச்சக்கரம் என்ற கருவியையும் அவர் உருவாக்கினார். அது பிற்காலத்தில் பிற நாட்டுத் தந்தித் துறையிலும் பயன்பட்டது. இருப்பினும் கண்டுபிடிப்பினால் அவர் செல்வந்தர் ஆகிவிடவில்லை.

1878-இல் அவர் செய்த செயல் பலருக்கு வியப்பூட்டியிருக்கும். தலைநகரை விட்டுவிட்டு, மனைவி ஹுல்டாவுடனும் குழந்தைகளுடனும் யூட்லாந்தின் தெற்கே ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் உள்ள ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அவ்வூர் அன்றைய புதிய எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. எல்லைக்கு அப்பால் இழந்த மண். அம்மண்ணில் இருந்த ரொடிங் உயர்பள்ளியின் வழித்தோன்றலாகவே 1865-இல் ஆஸ்கோவ் பள்ளி எழுந்திருந்தது.

இப்பள்ளியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இது நம் பள்ளி போன்ற சிறுவர் பள்ளியன்று. மக்கள் உயர்பள்ளி என்று பெயர். பயிர்த்தொழில் ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் கிராமத்து இளைஞர்கள் வந்து தங்கிக் கற்பார்கள். லுத்தரன் திருச்சபையின் போதகரும் பாடலாசிரியருமான குருண்ட்விக் என்ற பெரியவரின் எண்ணத்தில் உதித்த கல்விமுறை அது. ஆசிரியரின் வாய்மொழியே பாடம். நாட்டு வரலாறு, பாடல், திருமறை, தொழில் எல்லாம் உண்டு. தேர்வு மட்டும் கிடையாது! ஆம் தோழியரே, தேர்வே கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. பொதுத்தேர்வு எழுதப்போகும் நாங்கள் இவ்விடத்தைப் படித்தபோது சற்று நேரம் பேச்சற்று இருந்தோம்.

லா கூர் கற்பித்தது கணக்கும் இயற்பியலும். ஏர் பிடித்த கைகளுக்குக் கணக்கு எப்படி ஏறும்? அவர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பழங்காலத்து மக்களுக்கு நிலத்தை அளக்கும் சிக்கல் எப்படி வந்தது, அதற்கு அவர்கள் என்ன வழி கண்டார்கள், அந்த வழியில் எங்கே தவறினார்கள், பிறகு வந்தவர் அதை எவ்வாறு திருத்தினார் என்று கதை சொல்வதுபோல் கற்பித்தார். இப்பாடங்கள் வரலாற்று முறைக் கணக்கு என்ற நூலாக 1881 முதல் வெளிவந்தன. பிற்பாடு யாகோப் அப்பெல் என்பவருடன் சேர்ந்து வரலாற்று முறை இயற்பியலையும் எழுதினார். அந்த அப்பெல் பின்னாளில் டென்மார்க்கின் கல்வி அமைச்சரானார். அந்தக் கணக்கு நூல் தமிழில் இருந்தால் எங்களில் சிலருக்கேனும் பெரும் உதவியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. இனி நாம் காற்றுக்கு வருவோம்.

அக்காலத்தில் உலகமே நிலக்கரியால் ஓடியது. டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கம் பேர் சொல்லும்படி இல்லை. கப்பலில் விலை கொடுத்து வாங்க வேண்டும். அருவிகள் உண்டா என்றால் அதுவும் இல்லை, நாடு தட்டையானது. 1892-இல் கோபன்ஹேகனில் நிலக்கரியால் இயங்கும் மின் நிலையம் தொடங்கியது. மின்விளக்கும் மின்மோட்டாரும் நகரத்துக்கு வந்தன. தொழிற்சாலை நகரத்தில், வெளிச்சம் நகரத்தில், கூலியும் நகரத்தில் என்றால் கிராமத்து இளைஞன் எங்கே போவான்? தம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் ஊரைக் காலி செய்துகொண்டு நகரத்தின் நெருக்கடியில் சிக்குவதை எண்ணி லா கூர் கவலை கொண்டார். கிராமத்திலேயே இயந்திர சக்தி கிடைக்க வேண்டும். அதற்கு விலை கொடுத்து வாங்காத எரிபொருள் வேண்டும். அவ்வூரில் விலையின்றி ஓயாது கிடைத்த ஒரே பொருள், இறைவன் அளித்த காற்றுதான். மாவு அரைக்கும் காற்றாலைகள் அந்நாட்டில் பன்னெடுங்காலமாக இருந்தன. அவற்றை மின்சாரம் தரச் செய்தால் என்ன?

இந்த எண்ணம் முதன்முதல் அவருக்கே தோன்றியதென்று சொல்லமாட்டோம். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887-இலேயே தம் வீட்டுக்குக் காற்றாலை மின்சாரத்தால் விளக்கேற்றிவிட்டார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்ற செல்வந்தர் 1888-இல் 144 இறகுகள் கொண்ட மாபெரும் காற்றாலையைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நிறுவினார். அவ்வளவு பெரிய ஆலை தந்ததோ 12 கிலோவாட் மட்டுமே. அவர்கள் தத்தம் வீட்டுக்குச் செய்தார்கள். லா கூர் ஊருக்குச் செய்ய நினைத்தார். வேறுபாடு அதுதான்.

1891-இல் அரசின் பொருளுதவியுடன் ஆஸ்கோவில் சோதனைக் காற்றாலை எழுந்தது. எழுந்த உடனேயே முதல் தொல்லை தலைகாட்டியது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும் என்பது கணக்கு. ஒரு கணம் மெல்லத் தவழும், மறுகணம் குதிரைபோல் பாயும். மாவு அரைக்க அது போதும், டைனமோவுக்குப் போதாது. லா கூர் இதற்கு ஒரு கருவி செய்தார். ஆலையிலிருந்து டைனமோவுக்குச் செல்லும் பட்டையை எடை கட்டிய ஓர் அச்சின் வழியாக ஓட்டினார். இழுப்பு அளவுக்கு மிஞ்சினால் அச்சு தானே சற்று உயரும், பட்டை நெகிழ்ந்து வழுக்கும், மிகுதி வேகம் டைனமோவைச் சேராது. கிராட்டோஸ்டாட் என்று இதற்குப் பெயரிட்டார். பார்ப்பதற்குத் தராசைப் போன்ற எளிய அமைப்பு. கிராமத்துக் கொல்லனே பழுது பார்த்துவிடலாம்.

இரண்டாவது தொல்லை இதைவிடப் பெரிது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. ஆனால் விளக்கு வேண்டியது காற்றுள்ளபோதா? இருட்டும்போதல்லவா! டென்மார்க்கின் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பள்ளி நடப்பதோ குளிர்காலத்தில். மாலை முழுதும் விளக்கு வேண்டும். அன்று மாலை காற்று அடித்தாலும் வேண்டும், அடிக்காவிட்டாலும் வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கும் ஈயத் தகட்டு மின்கலங்கள் அன்று யானை விலை. ஆகவே லா கூர் எங்கள் அறிவியல் கூடத்தில் நடந்த அதே சோதனையைப் பெரிய அளவில் செய்தார். காற்றாலை டைனமோவைச் சுழற்றும். மின்சாரம் நீரைப் பிரிக்கும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் தனித்தனித் தொட்டிகளில் சேரும். காற்று வீசும் நாளில் சேர்த்துக்கொண்டு, வீசாத நாளில் எரித்துக்கொள்ளலாம். நீரைப் பிரிக்கும் கலத்துக்கு இத்தாலியரான பொம்பேயோ கருத்தி என்பவரின் முறையைத் துணைக்கொண்டார். ஹைட்ரஜன் தொட்டியின் கொள்ளளவு 12 கன மீட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர். எங்கள் சோதனைக் குழாயில் சேர்ந்தது ஒரு தேக்கரண்டி அளவு இருக்கலாம். அது போட்ட சத்தத்தையே நாம் முதலில் கூறினோம்.

ஹைட்ரஜன் சுடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெளிறிய நீலம். தானாக வெளிச்சம் தராது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேண்டில் இருப்பதுபோல் ஒரு திடப்பொருள் அச்சுடரில் வெண்சூடாக ஒளிவிட்டால்தான் படிக்க முடியும். வாயுவைக் குழாய் வழியே பள்ளிக் கட்டிடங்களுக்குக் கொண்டுபோய் விளக்கேற்றினார். 1895 முதல் 1902 வரை, ஏழு ஆண்டுகள், ஆஸ்கோவ் பள்ளி காற்றின் விளக்கில் படித்தது. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாளேனும் வாயு இல்லாமல் பள்ளி இருளில் கிடந்ததில்லை என்கிறார்கள். இக்காலத்திலும் எல்லா ஊர்களும் இவ்வாறு சொல்லிக்கொள்ள இயலுமா என்பதைப் பெற்றோர்களே அறிவார்கள்.

இனி கண்ணாடிக் கதை. ஹைட்ரஜன் தனியாக இருந்தால் அமைதியாக எரியும். அதனுடன் ஆக்ஸிஜன் சிறிதளவு கலந்துவிட்டாலோ வெடிக்கும். எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் சிற்சில வேளைகளில் கலந்துவிட்டது. வெடித்தது. பள்ளிக் கட்டிடங்களின் ஜன்னல் கண்ணாடிகளை ஒருமுறையன்று, பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று. நாங்கள் இதைப் படித்தபோது முதலில் சிரித்தோம். பிறகு எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. மாணவர்கள் தங்கியிருக்கும் பள்ளியில் இத்தகைய ஆபத்தான சோதனை செய்யலாமா? செய்திருக்கக் கூடாது என்று வகுப்பில் பாதிப்பேர் கூறினார்கள். மண்ணெண்ணெய் விளக்கும் தீப்பற்றத்தானே செய்கிறது, அதை மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம் என்று மறுபாதி. முடிவு ஏற்படவில்லை. நம் கருத்தைக் கேட்டால், கண்ணாடி உடைந்தும் அடுத்த நாள் கண்ணாடி மாற்றி மீண்டும் அவரைத் தொடரவிட்ட அப்பள்ளியின் தலைவர் லுட்விக் ஷ்ரோடரையும் பாராட்ட வேண்டும் என்போம். அவருடைய பொறுமை சாதாரணமானதன்று.

இதற்கிடையில் லா கூருக்கு இன்னொரு கேள்வி பிறந்தது. காற்றாலைக்கு எத்தனை இறகுகள் வேண்டும்? இறகு மிகுந்தால் காற்று மிகுதியாகப் பிடிபடும் என்பது எல்லாரும் நம்பியது. பிரஷ் 144 இறகு வைத்ததும் அதனால்தான். லா கூர் நம்பிக்கையை விட்டு அளவையை நாடினார். விசிறியால் காற்றை உருளை வடிவக் குழாயில் செலுத்தி, அதன் வாயில் சிறு மாதிரி இறகுகளை வைத்து, அவற்றின் இழுப்பை அளந்தார். ரைட் சகோதரர்கள் விமானம் செய்யுமுன் 1890-களிலேயே நடந்தது இது. விடை யாரும் எதிர்பாராதது. இறகுகள் மிகுந்தால் ஒன்றின் காற்றை மற்றொன்று கெடுக்கிறது. சில இறகுகளே போதும். அவை விரைவாகச் சுழல வேண்டும். அவற்றின் சாய்வும் வளைவும் சரியாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி 1897-இல் நான்கு இறகுகளுடன் பெரிய ஆலையைக் கட்டினார். தாம் கண்டதை மறைத்து வைக்காமல் 1900, 1903 ஆண்டுகளில் நூலாகவே வெளியிட்டுவிட்டார். காப்புரிமைப் போட்டியில் ஒருமுறை பட்டவர், இம்முறை எல்லாருக்கும் பொதுவில் வைத்துவிட்டார் போலும்.

1902-இல் ஹைட்ரஜன் விளக்குகள் ஓய்ந்தன. அதற்குள் மின்கலங்கள் கைக்கெட்டும் விலைக்கு வந்திருந்தன. சோதனை ஆலை ஆஸ்கோவ் ஊருக்கே மின் நிலையமாயிற்று. காற்றில்லாத நாட்களுக்கென ஒரு பெட்ரோலிய எஞ்சினையும் உடன் வைத்தார். காற்றின் மீது பக்தி கொண்டவர்தாம், ஆனால் பிடிவாதக்காரர் அல்லர் என்பதற்கு இது சான்று. எண்ணெய் அங்கே துணைக்கு நின்றது, தலைமை காற்றுக்கே.

1903-இல் டேனிஷ் காற்று மின்சாரக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு கிராமத்து மின்வினைஞர்களுக்கான வகுப்புகளைத் தொடங்கினார். இதுவே அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த பணி என்று நாம் கருதுகிறோம். இயந்திரத்தை ஒருவர் கண்டுபிடிக்கலாம். அதை ஊர் ஊராக ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டுமே! நகரத்துப் பொறியாளர் ஒவ்வொரு முறையும் குதிரை வண்டியில் வந்துகொண்டிருப்பாரா? உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரே கம்பி இழுக்கவும், டைனமோ பார்க்கவும், மின்கலம் பேணவும் கற்பித்தார். அப்படிப் படிக்க வந்தவர்களில் யோஹன்னஸ் யூல் என்ற பதினேழு வயதுப் பையனும் ஒருவன். அவனை நாம் மீண்டும் சந்திப்போம்.

1908 ஏப்ரல் 24-ஆம் நாள், அறுபத்திரண்டு வயது நிறைந்த பதினோராம் நாளில், லா கூர் இறைவனடி சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் அந்த ஒரே பள்ளியில் ஆசிரியர். அவர் விட்டு வந்த வானிலை நிலையத்துக்கு அவருடைய மகன் டான் லா கூர் 1923-இல் தலைவரானார் என்பதைப் படித்தபோது நமக்கு ஏனோ மனம் நிறைந்தது.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பது சற்று வருத்தமான வரலாறு. முதல் உலகப் போரில் நிலக்கரியும் எண்ணெயும் அரிதாயின. உடனே ஊர்தோறும் லா கூரின் ஆலைகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. 1918-இல் ஏறத்தாழ 120 கிராம மின் நிலையங்களில் 20 முதல் 35 கிலோவாட் வரை திறனுள்ள காற்றாலைகள் சுழன்றன. நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அவற்றினுடையது. போர் முடிந்தது, எண்ணெய் வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இரண்டாம் உலகப் போர் வந்தது. மீண்டும் காற்று வேண்டியதாயிற்று. அது முடிந்தது, மீண்டும் மறந்தார்கள். ஆபத்துக்குக் கூப்பிட்டு, ஆபத்து தீர்ந்தபின் வாசலில் நிறுத்தப்படும் ஏழை உறவினரைப் போலவே காற்று நடத்தப்பட்டது.

ஒருவர் மட்டும் மறக்கவில்லை. அந்தப் பதினேழு வயது யூல் இப்போது அறுபதைக் கடந்த மின்பொறியாளர். 1957-இல் டென்மார்க்கின் தென்கோடியில் கெட்ஸர் என்னுமிடத்தில் மூன்று இறகுகளும் 24 மீட்டர் விட்டமும் 200 கிலோவாட் திறனும் கொண்ட காற்றாலையை நிறுவினார். மின்கலத்துக்குப் பதில் நேராகப் பொது மின் கம்பியிலேயே மின்சாரத்தைச் சேர்த்தது அது. புயலில் தறிகெட்டுச் சுழலாதிருக்க இறகு நுனிகளே திரும்பித் தடுக்கும்படி செய்தார். பத்து ஆண்டுகள் ஏறக்குறையப் பழுதின்றி ஓடியது. ஆனால் எண்ணெய் நீரைப்போல் மலிந்திருந்த காலம். காற்று மின்சாரம் கட்டுபடியாகாது என்று கணக்குப் போட்டார்கள். 1967-இல் ஆலை நின்றது. 1969-இல் யூல் காலமானார்.

இன்னும் நான்கே ஆண்டுகள் அவர் உயிரோடிருந்திருக்கலாம். 1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. எண்ணெய் நாடுகள் விலையை உயர்த்தின. பீப்பாய் மூன்று டாலராக இருந்தது சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு டாலராயிற்று. டென்மார்க்கின் எரிசக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிநாட்டு எண்ணெய்! ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாதென்று அரசு ஆணையிட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டியில் சென்றனர். அப்போதுதான் கெட்ஸரில் நின்றுபோன ஆலையின் நினைவு வந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனமும் அதில் அக்கறை காட்டியது. 1970-களின் பிற்பகுதியில் பழைய ஆலையை மீண்டும் ஓட்டிச் சோதித்தார்கள்.

அதே ஆண்டுகளில் மேற்கு யூட்லாந்தில் ட்விண்ட் என்னும் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் சேர்ந்து தாங்களே ஒரு காற்றாலை கட்டத் துணிந்தார்கள். 1975-இல் தொடங்கி 1978-இல் முடித்தார்கள். கோபுரம் மட்டும் 53 மீட்டர். அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்று. மீண்டும் ஒரு பள்ளி! இந்தச் சிறு தொடக்கங்களிலிருந்து வளர்ந்த டென்மார்க், 1991-இல் விண்டெபி என்னுமிடத்தில் கடலுக்குள்ளேயே பதினொரு காற்றாலைகளை நாட்டியது. 2023-இல் அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று தந்தது. லா கூர் ஆஸ்கோவில் அமர்ந்து நினைத்த காரியம் நிறைவேற ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. இடையில் பாதிக் காலம் எண்ணெய் மலிவாயிருந்ததனால் வீணாயிற்று என்றே நாம் சொல்வோம். அவருடைய ஹைட்ரஜனும் திரும்பி வந்துவிட்டது. காற்று, சூரிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து எரிபொருள் செய்யும் திட்டங்களை இன்று பல நாடுகள் தொடங்கியுள்ளன. 2023 ஜனவரியில் நம் மத்திய அரசும் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது.

தரங்கம்பாடியை விற்றுவிட்டுப் போனவர்கள் வேறு வழியில் திரும்பியும் வந்தார்கள். 1990-இல் டேனிஷ் அரசின் உதவியுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் அமைந்தன. இவ்வாண்டு ஆவணியில் கன்னியாகுமரிச் சுற்றுலாவின்போது எங்கள் பேருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் ஒவ்வோர் ஆலையாக இறகுகளை எண்ணிக்கொண்டே வந்தோம். எல்லாவற்றிலும் மூன்று. ஒன்றிலாவது 144 இருக்காதா என்று ஒருத்தி கேலி செய்தாள். ஐப்பசியில் இந்தக் காற்று நின்றுவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். ஹைட்ரஜனாக்கித் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று பத்தாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொன்னோம். முன் இருக்கையில் ஜெபமாலையுடன் அமர்ந்திருந்த சிஸ்டர் திரும்பி, ஜன்னல் கண்ணாடிக்கு யார் பணம் கட்டுவது என்று மட்டும் கேட்டார்கள்.